கவ்வாத குறடு

அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை காவல் நிலையத்தில் பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"கையெழுத்து போடாதீங்க," என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். வலது கையில் பேனா. இடது கை மடியில் சும்மா கிடந்தது. நான்கு வருடம் முன்பு ஒரு லிஃப்ட் கதவு நசுக்கியதில் அந்தக் கையின் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அவர் பராமரிக்கும் கட்டடத்தில் எல்லோரும் அவரை 'ஒத்தக்கை' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவர் முன்னால் இருந்த கடிதத்தை எழுதியது அவர் இல்லை. கட்டட மேலாளர் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். லிஃப்டின் பாதுகாப்பு இணைப்பை நான்தான் முடக்கினேன், விபத்துக்கு நானே பொறுப்பு என்று நாலு வரி. நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் உரிமம் மட்டும் பறிபோகும். போடாவிட்டால் வழக்கு, சிறை. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை பாருங்கள்.

விபத்து இதுதான். அந்த மாதிரிப் பழைய லிஃப்டுக்கு ஒரு நல்ல புத்தி உண்டு. எந்த மாடியிலாவது வெளிக்கதவு பூட்டாமல் இருந்தாலோ, உள்ளே இருக்கும் கம்பிக் கதவு சரியாக மூடாவிட்டாலோ அது நகராது. யாரோ ஒரு சாண் வயரை ஒட்டுப் போட்டு அந்தப் புத்தியைக் கெடுத்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா நான்காவது மாடிக் கதவைத் திறந்து, தண்ணீர் வாளியை இழுத்தபடி, எப்போதும் போல முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. மூன்றாவது மாடியில் நின்ற லிஃப்டின் கூரைமேல் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அந்தம்மா என் பேரச் சொல்லித்தான் சபிக்குதாம்," என்றார் மெக்கானிக். "ஜெயிலுக்குப் போறதுகூடப் பெரிசில்ல. இது தாங்கல. போட்டுத் தொலைச்சிடறேங்க."

சுவரோரம் நின்ற அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். எங்களைத் தேடி வந்து கூட்டிப்போனவர் அவர்தான். "போட்டுப் பாரு. அந்தப் பேனாவையும் ஒடிச்சு, உன் இன்னொரு கையையும் ஒடிச்சிடறேன்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்ணி இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரித்தவர். விபத்து தானாக நடந்ததா, நடத்தி வைத்ததா என்று பார்ப்பது வேலை. இப்போது தனியாகத் துப்பறிகிறார். வீட்டில் அண்ணன் சமைக்கிறார், அண்ணி யோசிக்கிறார், நான் பேசுகிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் கைக்கருவிகள் விற்றவன் நான். அங்கேயும் பேச்சுதான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சாட்சிப் பொருளை எடுத்து மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததும் என் பழைய தொழில் புத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மடக்குக் குறடு. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் நடுவில் குறடு, இரண்டு பிடிகளுக்குள்ளும் கத்தி, அரம், சின்ன ரம்பம், இரண்டு ஸ்க்ரூடிரைவர். ஆனால் ஆளை மயக்குவது அதெல்லாம் இல்லை, மூட்டில் இருக்கும் ஸ்ப்ரிங். சாதாரணக் குறட்டை ஒருமுறை அழுத்தினால் மறுபடி திறக்க விரலை உள்ளே விட்டு நெம்ப வேண்டும், அல்லது இன்னொரு கையால் இழுக்க வேண்டும். இது பிடியைத் தளர்த்தியதும் தானாக வாயைத் திறக்கும். வாங்க வந்தவன் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் நிற்பேன். பத்துத் தடவை அழுத்தி அழுத்திப் பார்ப்பான். அதன்பிறகு அவன் அதைக் கீழே வைத்ததாகச் சரித்திரம் கிடையாது. இதையெல்லாம் நான் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் தனக்கு எதுவும் வாங்குகிற உத்தேசம் இல்லை என்றார்.

"அவர் சொல்றது நிஜம் சார்," என்றார் மெக்கானிக். "கை போனதும் வீட்ல உக்காந்துட்டேன். இவதான் இதை வாங்கிட்டு வந்து கையில திணிச்சா. ஒத்தக் கையால வயரப் பிடிக்கலாம், வெட்டலாம், முறுக்கலாம். அப்புறம்தான் மறுபடி வேலைக்குப் போனேன்."

அந்தக் குறடுதான் இப்போது அவர் கழுத்துக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை நான்காவது மாடிக் கதவின் பூட்டு செத்துவிட்டது, புதிது வரும்வரை லிஃப்ட் ஓடக்கூடாது என்று அவர் அதை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் கட்டட முதலாளி ஐந்தாவது மாடியில் காலியாகக் கிடக்கும் பாதியை யாருக்கோ வாடகைக்குக் காட்ட வருகிறார், ஓட்டியே ஆக வேண்டும் என்று மேலாளர் கத்தியிருக்கிறார். ஒட்டு வயர் போட மாட்டேன் என்றதும், பையைக்கூட எடுக்க விடாமல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். அடுத்த நாள் போய்ப் பை வாங்கியபோது குறடு மட்டும் இல்லை. இதை அவர் சொன்னார், யாரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் ஒரு புகைப்படம். விபத்து நடந்த அரை மணியில் மேலாளர் எடுத்தது. நான்காவது மாடிக் கதவின் பூட்டுப் பெட்டிக்குள் சிவப்பாக ஒரு ஒட்டு வயர், அதைக் கவ்வியபடி தொங்கும் குறடு. பிடிகளின் அடிப்பாகம் மட்டும் பெட்டியின் மூடிக்குப் பின்னால் மறைந்திருந்தது. கைரேகை எடுத்தீர்களா என்று கேட்டேன். மேலாளர் முதல் ஆம்புலன்ஸ்காரர் வரை ஏழெட்டுப் பேர் தொட்டுவிட்டார்களாம்.

அண்ணி படத்தைப் பார்த்தார். குறட்டை எடுத்து அழுத்தினார், விட்டார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அது மடிந்தால் யாருக்கோ கெட்ட நேரம். மெக்கானிக்கையும் குறட்டையும் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்கு வர முடியுமா என்று சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இடத்தின் வரைபடம் போட அவரும் போக வேண்டியிருந்ததால் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்.

கட்டட வாசலிலேயே முதல் அவமானம். மெக்கானிக் லிஃப்டில் கால் வைக்கக் கூடாது, மேலாளரின் உத்தரவு என்று வழிமறித்தான் காவலாளி. பதிமூன்று வருடம் அந்த லிஃப்டின் வயிற்றுக்குள் கை விட்டு வேலை பார்த்த மனிதர், கூட வந்த கான்ஸ்டபிளோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். எனக்கு அந்தக் காவலாளியின் தொப்பியைப் பிடுங்கி வீச வேண்டும் போலிருந்தது. அண்ணி பார்த்த பார்வையில் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தேன்.

"அப்படி முடிச்சா அவிழ்ந்துடும்," என்றது ஒரு குரல். "வலது நுனிய அடில விட்டு எடுங்க."

கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். எங்களை மேலே கூட்டிப்போக வந்திருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் உயரவாரியாக நாலு பேனா. அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்திருப்பதாகக் காவலாளி கிசுகிசுத்தான். ஏன் என்று கேட்கவே வேண்டாம் என்று தோன்றியது.

லிஃப்டுக்குள் கடைசியாக ஏறியவன் நான். உள்கதவை இழுத்தபோது என் தோள்பை வார் நடுவில் சிக்கிக்கொண்டது. ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது கதவு. அதற்குள் வாத்தியார் ஐந்தாம் எண்ணை அழுத்திவிட்டார், லிஃப்டும் கிளம்பிவிட்டது. கதவைத் தள்ளும்போது கைப்பிடியை லேசாகத் தூக்க வேண்டும் என்று அவர் வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்தார். நான்காவது மாடிக் கதவு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்தது, கம்பி வழியே தெரிந்தது. அண்ணி என் பை வாரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலாளர் ஐந்தாவது மாடியில் தன் அறையில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல உடை, நல்ல சிரிப்பு. அந்த அம்மாவுக்காக மனம் கலங்குவதாகச் சொன்னபோது அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒத்தக்கை கையெழுத்துப் போட்டுவிட்டானா என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். அப்போதுதான் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்ற மெக்கானிக்கின் காதில் அது விழுந்தது. விழ வேண்டும் என்றே சொன்னார்.

அண்ணி பணிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். பூட்டுப் பெட்டியைத் திறந்தபோது குறடு எப்படி இருந்தது?

"தொங்கிட்டு இருந்துச்சும்மா. வயரக் கவ்விக்கிட்டே."

"நீங்க தொடறதுக்கு முன்னாடியே?"

"ஆமா. போட்டோ எடுத்தப்புறம்தான் கீழ விழுந்துடப் போகுதுன்னு கழட்டி வெச்சேன். செவ்வாய்க்கிழமை காலைல திருட்டுத்தனமா வந்து மாட்டிட்டுப் போயிருக்கான். ஒன்றரை நாளா அப்படியேதான் தொங்கியிருக்கு."

இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி அண்ணி சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டார். எழுதியதும் மேலாளர் படித்துப் பார்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அன்று அந்தக் கட்டடத்தில் விழுந்த கையெழுத்து அது ஒன்றுதான்.

எல்லோரும் நான்காவது மாடிக்கு இறங்கினோம். சங்கிலி கட்டிய கதவின் பக்கத்தில் பூட்டுப் பெட்டி. போலீஸ் புதன்கிழமையே கழற்றிக் கொண்டுபோன ஒட்டு வயருக்குப் பதிலாக அண்ணி அதே கனத்தில் ஒரு வயரைக் கட்டச் சொன்னார். நான் டார்ச் அடித்தேன். நிழல் விழுகிறது, பக்கவாட்டில் பிடியுங்கள் என்றார் வாத்தியார். குறட்டை வாங்கி மேலாளரிடம் நீட்டினார் அண்ணி.

"படத்துல இருக்கிற மாதிரி தொங்க விடுங்க சார்."

மேலாளர் வயரைக் கவ்வ வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். குறடு வாயைத் திறந்துகொண்டு தரையில் விழுந்தது.

இன்னும் பலமாக அழுத்தினார். எடுத்தார். விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் நெரித்துவிட்டு, அணுகுண்டை விட்டு விலகுவது போல மெதுவாக விரல்களைப் பிரித்தார். அது அவர் பாதத்தில் விழுந்தது. மெக்கானிக் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடம் அந்த ஸ்ப்ரிங்கைப் புகழ்ந்து தள்ளியவன் நான். கையை விட்டால் வாயைத் திறக்கும் என்று காலையில் காவல் நிலையத்தில்கூட நீட்டி முழக்கினேன். அந்தப் படத்தையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணி கண்ணைக் காட்டினார். நான் போய்க் குறட்டை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, பிடிகளை வயரில் மாட்டப் பார்த்தேன். பிறகு கத்தியை வெளியே இழுத்து அதில் மாட்டினேன். ஒரு குறட்டை எத்தனை விதமாகக் கேவலப்படுத்தலாமோ அத்தனையும் செய்தேன். வாத்தியாரின் கை பரபரத்தது. சட்டைப் பைப் பேனாக்களை ஒருமுறை எண்ணினார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"அது அப்படியெல்லாம் நிக்காது சார். அன்னைக்கி மாதிரி பிடியில ரப்பர் பேண்ட் ரெண்டு சுத்து போட்டாத்தான்..."

பாதியில் நிறுத்தினார். நிறுத்திப் பிரயோஜனம் இல்லை. சப்-இன்ஸ்பெக்டரின் பேனா 'அன்னைக்கி'யை எழுதி முடித்திருந்தது.

மேலாளரின் சிரிப்பு காணாமல் போனது. இந்த ஆள் எப்போதும் இப்படித்தான் உளறுவான் என்றார். குறடு தொங்காவிட்டால் என்ன, வயர் இங்கேதானே இருந்தது, அதை ஒத்தக்கைதானே போட்டான் என்று குரலை உயர்த்தினார். அண்ணியின் குரல் இன்னும் இறங்கியது. நாங்கள் எல்லோரும் அவரை நோக்கிக் குனிந்தோம்.

"இங்க இருந்த வயர போலீஸ் எடுத்துட்டுப் போய் ரெண்டு நாளாச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி என் கொழுந்தன் உள்கதவ ஒரு சாண் திறந்தே விட்டார். லிஃப்ட் ஜோராக் கிளம்புச்சு. இப்ப எந்த வயர் அதை ஓட்டுது?"

மெக்கானிக் மெல்ல நிமிர்ந்தார். ஐந்து மாடி படியேற விட்டதில் அவர் பார்க்காமல் போன விஷயம் அது.

"அப்ப ஒட்டு இங்க இல்லங்க," என்றார். "மேல மெஷின் ரூம் பேனல்ல இருக்கு. மொத்தக் கதவுக்கும் சேர்த்துப் போட்டிருக்கான். இன்னும் எடுக்கல." மொட்டைமாடிப் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு பொம்பள விழுந்தப்புறமும் எடுக்கல."

மொட்டைமாடி அறையின் சாவியை யாரும் கேட்கவில்லை. வாத்தியார் தானாகவே இடுப்பிலிருந்து அவிழ்த்து நீட்டினார். முதலாளிக்கு ஒரு போன் பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மேலாளர் நழுவினார். சப்-இன்ஸ்பெக்டர் தடுக்கப் போனபோது, வயர் ஓடிவிடும் முன்னால் அதைப் பார்க்கலாம் என்று அண்ணி அவரைப் படியேற்றிவிட்டார்.

மெஷின் அறையில் எண்ணெய் வாசனை. பேனல் கதவைத் திறந்ததும், சிவப்பு வயர், ஒரு சாண், இரண்டு முனைக்கு நடுவில் வளைந்து நின்றது. போலீஸ் எடுத்துப்போன வயர் வெறும் வேஷம். அசல் இங்கே சௌக்கியமாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நாலு கோணத்தில் படம் எடுத்தார்.

வாத்தியார் கேட்காமலே ஆரம்பித்தார். ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் போடச் சொன்னார்களாம். முதலாளி போனதும் எடுக்கிறேன் என்றாராம், மேலாளர் விடவில்லையாம். பிறகு அந்த அம்மா விழுந்ததும் இவரே கீழே பொய் வயரைக் கட்டி, குறட்டை ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கவிட்டு, படம் எடுத்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாராம். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்று பயந்தாராம்.

அண்ணி அவரையே பார்த்தார்.

"என் கொழுந்தனோட ஷூ லேஸ திருத்தினீங்க. டார்ச்சத் திருத்தினீங்க. ஊர்ல ஒருத்தர விடாமத் திருத்தறீங்க. இந்த ஒண்ணத் திருத்த வாய் வரலியா?"

அவர் தலை கவிழ்ந்தது. எனக்குத் துளி இரக்கம்கூட வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

"வயர நான் எடுக்கறேன்," என்றார் மெக்கானிக். சப்-இன்ஸ்பெக்டர் சாட்சிப் பொருளை ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டு நீட்டினார். நான்கு நாள் கழித்துக் குறடு அவர் கைக்கு வந்தது.

அந்த நேரம் எங்கள் காலடியில் மோட்டார் உறுமிச் சுற்றத் தொடங்கியது. ஐந்தாவது மாடியில் நாங்கள் விட்டுவந்த லிஃப்டில் யாரோ கீழே போகிறார்கள். மெக்கானிக் மோட்டாரைப் பார்த்தார். பிறகு, வேலை தெரிந்தவன் வயரைத் தொடும் முன் செய்ய வேண்டியதைச் செய்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். மோட்டார் நின்றது. ஒரே கையால் வயரைக் கவ்வி, இழுத்து, விட்டார். குறடு தானாக வாயைத் திறந்தது. வயர் சப்-இன்ஸ்பெக்டரின் உறைக்குள் விழுந்தது. மறுபடி மெயினை ஏற்றினார். விளக்கு எரிந்தது, லிஃப்ட் மட்டும் அசையவில்லை.

ஏன் ஓடவில்லை என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நாலாவது மாடிப் பூட்டு செத்துக் கிடக்கு சார். அப்ப ஓடக்கூடாது. இதத்தான் நான் திங்கக்கிழமை சொன்னேன்."

கீழே, மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவிலிருந்து, மேலாளரின் குரல் மேலே வந்தது. கதவைத் தட்டினார், யாரங்கே என்றார், எலக்ட்ரீஷியனைத் திட்டினார். கடைசியில் வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். இந்தத் தடவை 'ஒத்தக்கை' என்று கூப்பிடவில்லை. சார் என்றார்.

அவரை எப்படி வெளியே எடுப்பது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். மோட்டாரின் பக்கத்தில் இருந்த பெரிய இரும்புச் சக்கரத்தை மெக்கானிக் காட்டினார். பிரேக்கை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டுமாம்.

"அப்ப இறக்குங்க."

மெக்கானிக் குறட்டைத் துடைத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நிதானமாக உட்கார்ந்தார்.

"அதுக்கு ரெண்டு கை வேணும் சார்," என்றார். "என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. ஊருக்கே தெரியும்."